பழைய கடல் இருந்த தெருவிலேர்ந்து ஆரம்பிங்க தம்பி

தம்பி கேட்டது இதுதான்: தேவகோட்டையிலேர்ந்து அப்பா அம்மா அடுத்த மாசம் வர்றாங்க, அப்பா போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவர், "உயரமான கட்டடம்லாம் வேணாம்ப்பா, பழைய சிங்கப்பூரைக் காட்டு"ங்கிறார், அம்மாவுக்கு முட்டி வலி, கையில இருக்கிறது ஒரே ஒரு சாயங்காலம், ஆத்தோரமா நடக்கணும்னா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது, நம்ம ஆளுங்க இருந்த தடயம் ஏதாவது அந்தப் பக்கம் உண்டா, இல்ல அதெல்லாம் தேக்காவோட, அதான் லிட்டில் இந்தியாவோட சரியா?

உண்டு தம்பி, நிறைய உண்டு. தேக்காவுல நம்ம கடைகண்ணி வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க இறங்கின இடம், கும்பிட்ட இடம், படகு தள்ளின இடம், வட்டிக்கு விட்ட இடம் எல்லாமே இந்த ஆத்து முகத்துவாரத்தைச் சுத்திதான். நான் பல வருஷமா தொண்டூழியரா இந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிட்டு நடக்கிறேன். அதை ஆரம்பிச்சதே ஒரு கோவத்துலதான். ஒரு தடவை காசு கட்டி ஒரு டூர்ல போனேன், ரெண்டரை மணி நேரம் ஆத்தோரமா நடந்தோம், இங்க ஆங்கிலேயர் ஊரைத் தொடங்கின ராஃபிள்ஸ் பத்தி பேசினாங்க, சீன வியாபாரிங்க பத்தி பேசினாங்க, நம்மளப் பத்தி ஒரே ஒரு வரி, "இந்தியர்கள் லிட்டில் இந்தியாவுல இருந்தாங்க" அவ்வளவுதான். அப்ப நாங்க நின்னுட்டிருந்த இடம் சூலியா ஸ்ட்ரீட். சூலியான்னா சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த நம்ம ஆளுங்க, பேர்ப்பலகையிலயே நம்ம பேரு இருக்கு, அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு அப்படிச் சொல்றாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

சரி, விஷயத்துக்கு வரேன். எல்லாரும் சிங்கத் தலையும் மீன் உடம்புமா இருக்கிற மெர்லயன் சிலைகிட்ட ஆரம்பிப்பாங்க, நீங்க அதைக் கடைசிப் பக்கம் வச்சுக்கோங்க. ஆரம்பிக்க வேண்டியது தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையம். சாயங்காலம் நாலு, நாலரைக்கு அங்க இருந்தா வெயில் இறங்க ஆரம்பிச்சிருக்கும், ஏழு மணி வாக்குல சூரியன் மறையும்போது நீங்க தண்ணிப் பக்கம் வந்திருப்பீங்க. மொத்தம் சுமாரா 3 கிலோமீட்டர், எல்லாம் சமதளம்தான், நடுநடுவுல உக்கார இடம் இருக்கு, அம்மாவுக்கு அது போதும்னு நினைக்கிறேன். வருஷக் கடைசின்னா மழைக்காலம், குடை கட்டாயம்.

தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்ல நின்னா கடல் எங்கயும் தெரியாது, சுத்தி ஆபீஸ் கட்டடம்தான். ஆனா மலாய்ல தெலுக்னா விரிகுடா, ஆயர்னா தண்ணி. இந்தத் தெருதான் அந்தக் காலத்துக் கடற்கரை. படகு வந்து முட்டின இடம். 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில பக்கத்துல இருந்த குன்றை வெட்டி அந்த மண்ணைக் கொட்டிக் கடலைத் தூத்துட்டாங்க, அதனால கரை தள்ளிப் போயிடுச்சு. இதை அப்பாகிட்ட முதல்லயே சொல்லிடுங்க, இது தெரியாம நடந்தா அந்தத் தெருவுல ஏன் வரிசையா இத்தனை கும்பிடுற இடம்னு புரியவே புரியாது. மாசக்கணக்கா கடல்ல வந்தவன் கரையில கால் வச்ச உடனே சாமிக்கு நன்றி சொல்லாம வேற என்ன செய்வான், சீனர்கள் தியன் ஹொக் கெங் கோயிலைக் கட்டி கடல் தாய் மாசூவைக் கும்பிட்டாங்க, நம்ம ஆளுங்க நாகூர் ஆண்டவரைக் கும்பிட்டாங்க.

அந்த நாகூர் தர்காதான் உங்க முதல் நிறுத்தம். பூன் டாட் ஸ்ட்ரீட் முனையில வெள்ளையா இருக்கும், சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் நடுவுல கட்டினது. நாகூர்ல இருக்கிற சாகுல் ஹமீது ஆண்டகையோட தர்கா நினைவா இங்க ஒண்ணு எழுப்பினாங்க, இங்க அடக்கம் எதுவும் கிடையாது, ஊர் ஞாபகம் மட்டும்தான். கடல் தாண்டிப் போறவன் சாதி மதம் பாக்காம நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துக்கிறது நம்ம பக்கத்துல வழக்கம், அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முனையில இருக்கிற மினாராக்களை அண்ணாந்து பாருங்க, அடுக்கடுக்கா குட்டிக் குட்டி ஜன்னல் மாதிரி வச்சு ஏத்தியிருப்பாங்க, கீழ பாத்தா ஐரோப்பிய பாணித் தூண், மேல பாத்தா நாகூர். கட்டினவன் கண்ணுல ரெண்டு ஊரும் இருந்திருக்கு. 1974ல தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க, இப்ப உள்ள இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கு, திறந்திருக்கிற நேரத்தை மட்டும் முன்னாடியே பாத்துட்டுப் போங்க.

அங்கேர்ந்து தியன் ஹொக் கெங் தாண்டி கொஞ்சம் நடந்தா அல் அப்ரார் பள்ளிவாசல். இதுக்கு இன்னொரு பேரு உண்டு, குச்சுப் பள்ளி. குச்சு வீடுன்னா நம்ம ஊர்ல குடிசைதான, 1827ல இது வெறும் கூரைக் கொட்டகையா ஆரம்பிச்சது, அதனால அந்தப் பேரு. 1850கள்ல செங்கல் கட்டடமா ஆயிடுச்சு, ஆனா பேரு மட்டும் குடிசையாவே நின்னுடுச்சு. எனக்கு இந்த முழு நடையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதான், தமிழ் தெரியாத ஆளுக்கு "குச்சு"ங்கிறது வெறும் ஓசை, நமக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்ட உடனே ஓலைக்கூரை கண்ணு முன்னாடி வந்துடும்ல? இருநூறு வருஷத்துக்கு முந்தின கட்டடம் போயிடுச்சு, ஆனா அது எப்படி இருந்துச்சுன்னு சொல்ற சொல் இருக்கு.

அப்பா இன்னும் நடக்கத் தயார்னா சவுத் பிரிட்ஜ் ரோடு பக்கம் போய் மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் பாக்கலாம், ரெண்டும் அடுத்தடுத்துதான், ஆனா அது கரையை விட்டு உள்ள தள்ளி இருக்கு, அம்மா முட்டியை நினைச்சு அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க. கோயிலைத் தொடங்கினவர் நாராயண பிள்ளை, அவர் கதையை ஆத்தங்கரையில சொல்றேன்.

திரும்ப பூன் டாட் ஸ்ட்ரீட்டுக்கே வந்து நேரா நடந்தா லாவ் பா சாட். எண்கோண வடிவத்துல வார்ப்பிரும்புத் தூண் வச்ச மார்க்கெட், 1894ல கட்டினது, முன்னாடி இருந்த பழைய தெலுக் ஆயர் மார்க்கெட் கடலோரத்துல தண்ணி மேலயே நின்னுச்சு. இங்க அம்மாவை உக்கார வச்சு ஒரு தே ஹாலியா வாங்கிக் குடுங்க, இஞ்சி டீதான், கால் வலிக்கு இதமா இருக்கும், கழிப்பறையும் இங்கயே முடிச்சுக்கலாம். இருபது நிமிஷம் கட்டாயம் உக்காருங்க, இனிமேதான் நடை கொஞ்சம் நீளும்.

அடுத்தது மார்க்கெட் ஸ்ட்ரீட். தேவகோட்டைக்காரங்களுக்கு இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். இன்னைக்கு அங்க பாக்க ஒண்ணுமே கிடையாது, கண்ணாடிக் கட்டடம், கார் பார்க், அவ்வளவுதான். ஆனா அந்தக் காலத்துல தமிழ் ஆளுங்க வாயில அதுக்குப் பேரு செட்டித் தெரு. நகரத்தார் கிட்டங்கிங்க இருந்த இடம். கிட்டங்கின்னா நீளமான கடை வீடு, கீழ ரெண்டு பக்கமும் வரிசையா ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு முதலாளியோட தொழிலுக்கும், ஒரு மேசைப்பெட்டி, ஒரு இரும்புப் பெட்டகம், ஒரு பாய், அதுல உக்காந்துதான் முதலாளிக்காக வந்த ஏஜெண்ட் லட்சக்கணக்குல குடுத்து வாங்குவார், ராத்திரி அதே இடத்துல படுக்கை, சமையல் மட்டும் பொது. வங்கிங்க திரும்பிப் பாக்காத சின்ன வியாபாரி, தோட்டம் போடுறவன், வண்டிக்காரன், கிளார்க் எல்லாருக்கும் கடன் குடுத்தது இங்கதான், சீனர் மலாய்க்காரர்னு எல்லாரும் வந்து வாங்கியிருக்காங்க. 1970கள்ல நகர மறுசீரமைப்புல அந்த வரிசை எல்லாம் இடிபட்டுடுச்சு, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்தான் மிச்சம், அது 1859லேர்ந்து இருக்கு. அப்பாவோட ஊர்ல எந்த வீட்டைக் கேட்டாலும் யாராவது ஒருத்தரோட பாட்டனார் பெட்டியடிப் பையனா இங்க வந்து உக்காந்திருப்பார், இந்தத் தெருவுல நிக்கும்போது அதை அப்பாவையே பேச விடுங்க, என்னை விட அவருக்குத்தான் அதிகம் தெரிஞ்சிருக்கும்.

அங்கேர்ந்து சூலியா ஸ்ட்ரீட். முன்னாடி இதுக்கு கிளிங் ஸ்ட்ரீட்னு பேரு, அது நம்மளக் கேவலமாச் சொல்ற சொல்லா ஆயிடுச்சுன்னு நம்ம ஆளுங்க எதிர்ப்புத் தெரிவிச்சதால 1920கள் தொடக்கத்துல பேரை மாத்தினாங்க. பேர்ப்பலகைக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, நான் சொன்ன அந்த இடம்தான்.

ஒரு பெரிய வங்கிக் கட்டடத்துக்கு அடியில திறந்தவெளியா ஒரு வழி விடும், அதுல புகுந்து வெளிய வந்தா ஆறு. பெரிய குண்டுப் பறவை சிலை ஒண்ணு இருக்கும், போத்தேரோங்கிற சிற்பி செஞ்சது, அதுக்குப் பக்கத்துல கரையோரமா நில்லுங்க. வளைஞ்சு கிடக்கிற இந்தக் கரைதான் போட் கீ, கெண்டை மீன் வயிறு மாதிரி இருக்குன்னு சீனர்கள் ராசியா நினைச்ச இடம். 1822ல இது சதுப்பு நிலம், பக்கத்துல இருந்த குன்றை வெட்டி நிரப்பித்தான் கரை ஆக்கினாங்க, குன்று இருந்த இடம்தான் இன்னைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ்.

இங்க படகுன்னா எல்லாரும் சீனர் படகைத்தான் நினைப்பாங்க, தலையில கண்ணு வரைஞ்ச சரக்குப் படகு. ஆனா தொடக்கத்துல கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல சரக்குப் படகு ஓட்டினதுல பெரும்பங்கு சூலியா ஆளுங்கதான், பிற்பாடுதான் சீனர் கைக்கு மாறுச்சு. எங்க அப்பா வேலை பாத்தது இங்க ஒரு குடோன்ல, டாலி கிளார்க், மூட்டைக் கணக்குப் பாக்கிறவர். சின்ன வயசுல சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். படகுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு ஒத்தைப் பலகை, ஒரு முழம் அகலம் இருந்தா பெரிசு, ஆளு அதுல மூட்டையோட ஏறி வரும்போது பலகை வில்லு மாதிரி வளையும், அந்த ஆட்டத்துக்குத் தக்கன காலை வைக்கணும், தப்பா வச்சா ஆளும் மூட்டையும் தண்ணியில. கரைக்கு வந்த ஒவ்வொரு மூட்டைக்கும் அப்பா ஒரு மூங்கில் குச்சி குடுப்பார், சாயங்காலம் குச்சியை எண்ணிக் கூலி. கையெழுத்துப் போடத் தெரியாத ஆளுக்கு அந்தக் குச்சிதான் கணக்குப் புத்தகம். கரையில இன்னமும் கல் படிக்கட்டுங்க தண்ணிக்குள்ள இறங்கும், சாப்பாட்டுக் கடை நாற்காலிங்களுக்கு நடுவுல தேடிப் பாருங்க, அதுல ஒண்ணுல நின்னுதான் பலகை போடுவாங்க.

நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம் அப்ப. ரப்பர், கொப்பரை, எண்ணெய், அழுகின காய்கறி, பன்னிப் பண்ணைக் கழிவு எல்லாம் சேர்ந்து தண்ணி கருப்பா இருக்கும். 1977 பிப்ரவரியில பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷத்துல இந்த ஆத்துல மீன் பிடிக்கணும்னு சொன்னார், அப்ப யாருக்கும் நம்பிக்கை கிடையாது. பத்து வருஷத்துல நடந்துச்சு. இந்த ஆத்துப் பக்கமும் காலாங் ஆத்துப் பக்கமும் சேர்த்து சுமார் 26,000 குடும்பங்களை வேற இடத்துக்கு மாத்தினாங்க, பன்னிப் பண்ணை மட்டும் 610, வாத்துப் பண்ணை 500, தெருக்கடைக்காரங்க சுமார் 5,000 பேர் ஹாக்கர் சென்டருக்குப் போனாங்க, 1983ல 800 படகு வரைக்கும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிட்டாங்க. படகு போன மறுநாள் அப்பா என்னைக் கூட்டிட்டு வந்து காட்டினார், ஆறு காலியா இருந்துச்சு, அவ்வளவு அகலம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்பா ஒண்ணும் பேசல, ரொம்ப நேரம் நின்னுட்டு "சரி வா"ன்னார். சுத்தமானது நல்லதுதான், நான் மாத்திச் சொல்ல மாட்டேன், ஆனா இன்னைக்கும் அந்த இடத்துக்கு வந்தா அவர் நின்ன அந்த நிலைதான் எனக்கு முதல்ல ஞாபகம் வரும்.

கரையோரமாவே முகத்துவாரம் பக்கம் நடங்க, கேவனா பாலம் வரும். அஞ்சு பசங்க ஆத்துல குதிக்கிற வெண்கலச் சிலை இருக்கும், அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும் பாருங்க. பாலம் 1869ல முடிஞ்சது, இரும்பு கிளாஸ்கோவிலேர்ந்து வந்துச்சு, பூட்டி நிறுத்தின வேலை இந்தியக் கைதிங்களோடது, அவங்க கடைசியாச் செஞ்ச பெரிய வேலைகள்ல இது ஒண்ணு. 1825ல சுமத்ராவுல இருக்கிற பெங்கூலன்லேர்ந்து முதல் கூட்டம் கைதிங்க வந்தாங்க, அதுக்கப்புறம் மதராஸ், வங்காளம்னு பல இடத்துலேர்ந்து, 1873 வரைக்கும் அந்த ஏற்பாடு நடந்துச்சு. ரோடு, கொலியர் கீ கடல் சுவர், இன்னைக்கு அதிபர் மாளிகையா இருக்கிற இஸ்தானா, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் எல்லாம் அவங்க கை பட்டதுதான். அந்தத் தேவாலயத்துச் சுவர்ப் பூச்சு என்ன தெரியுமா, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவச்ச தண்ணி. உங்க செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பாத்தவங்களுக்கு இது தெரிஞ்ச பக்குவம்தான். பேரு இல்லாத ஆளுங்க தம்பி, குத்தம் செஞ்சு வந்தவங்கதான், ஆனா ஊரே அவங்க மேல நடக்குது.

பாலத்து முனையில ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கும், சுமையோட 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல இருக்கிற வண்டியும், எந்த மாடும் குதிரையும் பாலத்துல போகக்கூடாதுன்னு போலீஸ் உத்தரவு. 3 ஹண்ட்ரட்வெயிட்னா நம்ம கணக்குல 150 கிலோ சொச்சம். அப்ப மாட்டுவண்டி ஓட்டினவங்கள்ல நம்ம ஆளுங்க நிறைய, அந்தப் பலகை யாரை நிறுத்தியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

பாலத்தைத் தாண்டினா எம்பிரஸ் பிளேஸ். இங்க அவசரப்படாதீங்க. ஊசி மாதிரி உயரமா ஒரு கல் தூண் நிக்கும், டல்ஹவுசி தூண். 1850 பிப்ரவரியில இந்தியாவோட கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வந்துட்டுப் போனதுக்காக வச்சது, அவர் கட்டுப்பாடில்லாத வாணிபத்தைப் பாராட்டினாருன்னு எழுதி வச்சிருக்காங்க. ஆள் முக்கியமில்ல, எழுத்து முக்கியம். நாலு பக்கமும் நாலு மொழி, ஆங்கிலம், சீனம், ஜாவிங்கிற அரபு எழுத்துல மலாய், தமிழ். தமிழ் இந்த நாட்டோட ஆட்சிமொழி ஆனது பின்னாடி நடந்த கதை, அதுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாடியே இந்தக் கல்லுல தமிழ் இருக்கு. வந்து போற ஆளுங்க முக்கால்வாசிப் பேர் ஆங்கிலப் பக்கத்தைப் பாத்துட்டு நகர்ந்துடுவாங்க, நீங்க சுத்தி வந்து தமிழ்ப் பக்கத்தைக் கண்டுபிடிங்க. ஒரு தடவை மதுரையிலேர்ந்து வந்த ஒரு பாட்டி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, விரலை எழுத்து மேல நீட்டி, எழுத்துக்கூட்டி சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க, பக்கத்துல சைக்கிளை நிறுத்தியிருந்த கட்டுமான வேலைக்காரத் தம்பி ரெண்டு பேர் ஓடி வந்துட்டாங்க, "அக்கா இங்க தமிழ் இருக்கா"ன்னு என்னைக் கேக்கிறாங்க, நாலு வருஷமா அந்த வழியாத்தான் போயிட்டு வந்துட்டு இருந்திருக்காங்க. அப்பாவை வாசிக்கச் சொல்லுங்க, போஸ்ட்மாஸ்டருக்கு எந்தக் கையெழுத்தும் பிடிபடும்.

ஆத்தோரமா செட்டியார் சிலை ஒண்ணு இருக்கும், அந்தக் காலத்து வட்டிக்கடையையும் இந்தக் காலத்து நிதித்துறையையும் சேர்த்து வச்சுப் பண்ணினது. அதை ஒட்டி நடந்தா வெள்ளையா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ராஃபிள்ஸ், 1819 ஜனவரியில இங்கதான் இறங்கினாருன்னு 1972ல வச்ச சிலை. 2019ல இருநூறாவது ஆண்டுக்கு அவர் பக்கத்துல தற்காலிகமா நாலு பேருக்குச் சிலை வச்சாங்க, அதுல ஒருத்தர் நான் முன்னாடி சொன்ன நாராயண பிள்ளை. பினாங்குல இருந்தவர், 1819 மே மாசம் ராஃபிள்ஸ் ரெண்டாவது தடவை வந்த இந்தியானா கப்பல்ல கூடவே வந்தார். ஊருல வீடு கட்ட ஆரம்பிக்கிறாங்க, செங்கல் தேவைப்படும்னு கணக்குப் போட்டு தஞ்சோங் பகார்ல சூளை போட்டார், துணி வியாபாரம் பண்ணினார், 1822ல தீப்பிடிச்சு கடையும் சரக்கும் போச்சு, கடன்ல மாட்டினார், விடாம எழுந்தார், 1827ல மாரியம்மன் கோயில் அவர் முயற்சியில வந்துச்சு. ராஃபிள்ஸ் முன்னாடி நின்னுக்கிட்டு அப்பா அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க, நான் எப்பவும் அங்கதான் சொல்வேன்.

வந்த வழியே திரும்பி ரோட்டைத் தாண்டினா எஸ்பிளனேட் பூங்கா. மரத்தடியில நல்ல காத்து, அம்மாவை உக்கார வைக்க ரெண்டாவது இடம். இங்க ஒரு சின்ன நினைவுக் குறிப்புக் கல் இருக்கு, நிறையப் பேர் கவனிக்க மாட்டாங்க, இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடம். 1943 ஜூலையில பக்கத்துல இருக்கிற பாடாங் திடல்லதான் சுபாஷ் சந்திர போஸ் படையைப் பாத்து "டில்லி சலோ"ன்னு சொன்னார், கேட்டு நின்னவங்கள்ல மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஆளுங்க எத்தனையோ பேர். 1945 ஜூலை 8 அன்னைக்கு போஸ் நினைவிடத்துக்கு அடிக்கல் நாட்டினார், செப்டம்பர்ல திரும்பி வந்த பிரிட்டிஷ்காரங்க வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. 1995ல இந்தக் குறிப்புக் கல். பக்கத்துலயே லிம் போ செங் நினைவுச்சின்னம், 1954ல எழுப்பினது, ஜப்பான்காரனை எதிர்த்துச் செத்தவர், அதுலயும் தமிழ்ப் பலகை உண்டு.

ஜூபிலி பாலத்துல ஏறி நடந்தா மெர்லயன். இருட்டியிருக்கும், விளக்கெல்லாம் எரியும், போட்டோ எடுத்துக்கோங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. 1972ல வச்சது, 8.6 மீட்டர் உயரம், 2002ல இங்க நகர்த்தினாங்க. பாலத்து மேல நின்னு அம்மாகிட்ட சொல்லுங்க, கீழ இருக்கிறது கடல் தண்ணி இல்ல, 2008ல மரினா அணை கட்டினப்புறம் இந்த விரிகுடாவே குடிதண்ணி ஏரி ஆயிடுச்சுன்னு. நம்ப மாட்டாங்க.

முகத்துவாரத்துல இந்தப் பக்கம் ஒரு காலத்துல பெரிய பாறை ஒண்ணு நின்னுச்சு, சுமார் 3 மீட்டர் உயரம், அம்பது வரி எழுத்து வெட்டியிருந்துச்சு, 1843ல கட்டடம் கட்டணும்னு வெடி வச்சு உடைச்சுட்டாங்க, ஒரு துண்டு மட்டும் தேசிய அரும்பொருளகத்துல இருக்கு. இதுவரைக்கும் யாரும் முழுசாப் படிச்சதில்ல. அதுல சோழர் பட்டப்பேரான பரகேசரியோட சாயல் தெரியுதுன்னு 2019ல ஒரு ஆய்வாளர் சொன்னார், அது ஒரு ஊகம்தான், அதை வச்சு ராஜேந்திர சோழன் இங்க வந்து கல்வெட்டு வெட்டினான்னு வர்ற வாட்ஸ்அப் செய்தியை அப்பாவுக்கு அனுப்பிடாதீங்க.

இனி அப்பாவுக்காக ஒரு இடம். பெரிய பெரிய தூண் வச்ச ஃபுல்லர்ட்டன் கட்டடம், இன்னைக்கு ஹோட்டல், ஆனா 1928ல திறந்தது, 1996 வரைக்கும் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ் இருந்த கட்டடம். ரோட்டுக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை போட்டு தபால் மூட்டையைக் கடல் பக்கம் கொண்டு போவாங்க, கப்பல்ல ஏத்துறதுக்கு. எத்தனை ஆயிரம் மணியார்டர் இந்தக் கட்டடம் வழியா சிவகங்கைச் சீமைக்குப் போயிருக்கும், அப்பா ஆபீஸ்ல அவர் கையால முத்திரை குத்திக் குடுத்தது கூட சிலது இங்கேர்ந்து வந்ததா இருக்கும். உள்ள போய் லாபியில நின்னு பாக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மரபுடைமைக் கூடம் ஒண்ணு வச்சு பழைய தபால் சாமான்லாம் காட்டுறாங்க, சிவப்புத் தபால் பெட்டி உட்பட. முன்கூட்டியே ஊர் விலாசத்துக்கு ஒரு போஸ்ட்கார்டு எழுதி ஸ்டாம்ப் ஒட்டி எடுத்துட்டுப் போங்க, அப்பா கையாலயே போடட்டும்.

ரோட்டைத் தாண்டினா கடைசி நிறுத்தம், கிளிஃபர்ட் பியர், 1933ல திறந்த படகுத்துறை. இதுக்கு முன்னாடி பக்கத்துல இருந்த பழைய துறையில சிவப்பு விளக்கு தொங்கும், அதனால மலாய்க்காரங்களும் சீனர்களும் புதுசையும் "சிவப்பு விளக்கு"ன்னே அவங்கவங்க மொழியில கூப்பிட்டாங்க. இப்ப உள்ள ரெஸ்டாரண்ட், ஆனா வளைவு வளைவா போற அந்த கான்கிரீட் கூரை அப்படியே இருக்கு, வெளியிலேர்ந்தே தெரியும். எங்க தாத்தா ராஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தவர், 1926லேர்ந்து நம்ம ஆளுங்களைச் சுமந்த கப்பல், மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு போயிட்டு வந்துட்டு இருக்கும், மேல்தட்டுல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு வர்றதுதான். உங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு அந்தப் பேரு ஞாபகம் இருக்கும். அந்தத் துறையோரமா நிக்கும்போது "ராஜுலா"ன்னு ஒரு சொல் மட்டும் அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க.

அங்கேர்ந்து ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி அஞ்சு நிமிஷ நடை. அம்மாவுக்கு நடுவுல முடியலன்னா போட் கீயோட நிறுத்திட்டு படகுல ஏறிடுங்க, ஒரு சுத்து முக்கால் மணி நேரம் போல ஆகும், பாலமெல்லாம் அடியில புகுந்து போகலாம். டல்ஹவுசி தூணை மட்டும் விட்டுடாதீங்க, தமிழ்ப் பக்கம் கிடைக்கலன்னா எழுதுங்க, நான் வேணா அன்னைக்குச் சாயங்காலம் அங்க வந்து நிக்கிறேன்.